சிறகில்லாத தேவதைகள்: கிப்ளிங்கின் ‘பக் ஆஃப் பூக்ஸ் ஹில்’

ஆங்கிலேய நாட்டுப்புற நம்பிக்கைகளின் மேல் எழுப்பப்பட்ட சிறுவர் மாயக் கதைகளில் எதை முதலில் படிக்கத் தரலாம் என்று கேட்பவர்களுக்கு, ருட்யார்ட் கிப்ளிங் 1906-இல் வெளியிட்ட ‘பக் ஆஃப் பூக்ஸ் ஹில்’ என்னும் நூலையே நான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த நூலில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தேவதைக் கதை என்று நம்பித் திறக்கும் குழந்தை, முதல் கதை முடிந்தவுடன் நார்மன் வீரர்களுக்கும் சாக்ஸன் பண்ணையாட்களுக்கும் நடுவில் போய் நிற்கும். பத்துக் கதைகளும், அவற்றுக்கு முன்னும் பின்னும் கோக்கப்பட்ட பாடல்களும் கொண்ட இந்த நூலில், தேவதைகளின் வாழ்வே கதைப்பொருளாக அமைந்தவை இரண்டுதான். அந்த இரண்டுக்காகவே முழு நூலையும் வாங்கலாம் என்பது என் முடிவு. மற்ற எட்டில் சில நல்ல வரலாற்றுக் கதைகள், சில ஓரளவு சோர்வு தருபவை.

கதை நிகழும் இடம் தென் இங்கிலாந்தின் சசெக்ஸ். டான், யூனா என்னும் இரு குழந்தைகள், தந்தை சுருக்கி எழுதித் தந்த ஷேக்ஸ்பியர் நாடகமொன்றின் சில காட்சிகளை, கோடை நடுநாளுக்கு முந்தைய மாலையில், புல்வெளியில் கருமையாகத் தெரியும் ஒரு வட்டத்துக்குள் நின்று மூன்று முறை நடிக்கிறார்கள். பார்வையாளர்கள் மூன்று மாடுகள் மட்டுமே. புல்லில் இத்தகைய வட்டங்கள் தோன்றுவதற்குக் காரணம் மண்ணுக்கடியில் பூஞ்சை வளையமாகப் பரவுவதுதான் என்று இன்று நமக்குத் தெரியும். அந்த நாட்டின் கிராம மக்களோ அவற்றைத் தேவதைகள் இரவில் ஆடிய தடம் என்றே கருதிவந்தார்கள். சரியான நாள், சரியான இடம், சரியான எண்ணிக்கை ஆகிய மூன்றும் குழந்தைகள் அறியாமலேயே கூடிவிட, புதர் விலகி, அவர்கள் நடித்துக்கொண்டிருந்த பாத்திரமான, பக் என்னும் குறும்புத் தேவதை நேரிலேயே வந்து நிற்கிறான்.

அவன் வந்து நிற்கும் கோலத்தைக் கவனியுங்கள். குள்ளமான, பழுப்பு நிறமான, தோள் அகன்ற உருவம். கூரிய காதுகள், சப்பை மூக்கு, சாய்ந்த நீலக் கண்கள், புள்ளிகள் நிறைந்த முகம், முடியடர்ந்த வெறுங்கால். குழந்தைகளிடம் அவித்த முட்டையும் பிஸ்கட்டும் காகித உறையில் சிறிது உப்பும் இருக்கின்றன. பக் உப்பைத் தொட்டுக்கொண்டு அவர்களோடு உண்கிறான். தான் எத்தகையவன் என்பதை அவர்களுக்கு உணர்த்துவதற்காகவே அப்படிச் செய்கிறான், ஏனென்றால் அவன் இனத்தில் பலரால் உப்பைத் தாங்க முடியாது. வாசல் மேல் தொங்கும் குதிரை லாடம், ரோவன் மரத்தின் செங்கனிகள், ஓடும் நீர், இரும்பு, தேவாலய மணியோசை ஆகியவையும் அவர்களுக்கு ஆகாதவை. இந்தப் பட்டியலில் எதுவும் கிப்ளிங்கின் கற்பனை இல்லை. எல்லாம் பிரித்தானியத் தீவுகளின் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்த காப்பு முறைகள். அவற்றை ஒரு விளக்கவுரையாகத் தராமல், ஒரு வேளை உணவைப் பகிர்ந்துகொள்ளும் செயலுக்குள் வைத்துத் தந்திருப்பதில்தான் இந்த ஆசிரியரின் கைத்திறன் தெரிகிறது. மாய உலகின் சட்டதிட்டங்களைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டுப் பிறகு கதையைத் தொடங்கும் இன்றைய நூல்கள் பலவும் இந்த ஒரு காட்சியிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

பக்குக்குத் ‘தேவதை’ என்று அழைக்கப்படுவதே பிடிக்காது. தன் இனத்தாரைக் குன்றுகளின் மக்கள் என்றுதான் குறிப்பிடுகிறான். வண்ணத்துப்பூச்சிச் சிறகும் மெல்லிய பாவாடையும் தலையில் நட்சத்திரமும் கையில் ஆசிரியையின் பிரம்பு போன்ற கோலும் கொண்ட உருவங்களைப் பற்றித் தானே பேச்செடுத்து அவன் கோபம் கொள்கிறான். தென்மேற்குப் புயலை எதிர்த்து, கடல்நீர் கோட்டைக்கு மேல் சிதறித் தெறிக்க, குன்றுகளின் குதிரைகள் மிரண்டு திமிற, டின்டாஜெல் கோட்டையிலிருந்து தேவதைகளின் அரசர் சர் ஹுவானும் அவர் கூட்டத்தாரும் புறப்பட்ட நாளை அவன் அப்போது நினைவுகூர்கிறான். சில வரிகளில் முடிந்துவிடும் அந்த வருணனைக்குப் பிறகு, சிறகு வைத்த பொம்மைத் தேவதைகள் மீது குழந்தைக்கு ஆர்வம் குறைந்துபோனால் வியப்பதற்கில்லை. இந்தக் கோபத்துக்குக் காலத்தின் பின்னணியும் உண்டு. விக்டோரியா காலத்து ஓவியங்களும் கிறிஸ்துமஸ் மேடைக் கூத்துகளும் தேவதையைச் சிறகு முளைத்த ஒரு சிறுமியாக்கி, வீட்டின் மாடத்தில் வைக்கத்தக்க அழகுப் பொருளாகச் சுருக்கியிருந்தன. அந்த உருவம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு, 1917-இல் காட்டிங்லி கிராமத்துச் சிறுமிகள் இருவர் அட்டையில் வெட்டி ஒட்டி எடுத்த தேவதைப் புகைப்படங்களை 1920-இல் ஆர்தர் கானன் டாயில் உண்மையென நம்பிக் கட்டுரை வெளியிட்டதே சான்று. நாட்டுப்புற வழக்கில் இருந்த தேவதைகள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பெயர் சொல்லி அழைக்கவே மக்கள் அஞ்சினார்கள்; ‘நல்ல அண்டை வீட்டார்’ என்று இதமாகக் குறிப்பிட்டார்கள்; இரவில் அவர்களுக்காகக் கிண்ணத்தில் பால் வைத்தார்கள். கென்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்ட் ஸ்காட், 1584-இல் சூனிய நம்பிக்கைகளை மறுத்து எழுதிய நூலில், வீட்டு வேலைகளை இரவில் செய்து முடிக்கும் ராபின் குட்ஃபெல்லோ என்னும் குறளிக்குப் பால் வைக்கும் வழக்கத்தையும், இரக்கப்பட்டு யாராவது அவனுக்கு உடை கொடுத்துவிட்டால் அவன் சினந்து வெளியேறிவிடுவான் என்ற நம்பிக்கையையும் பதிவு செய்திருக்கிறார். அந்த ராபினும் பக்கும் ஒருவரே. கிப்ளிங்கின் பக் அந்தப் பழைய மரபின் நேர் வாரிசு.

குழந்தைகளை வரலாற்றுக்குள் அழைத்துச் செல்ல அவன் கையாளும் வழி இன்னும் சிறப்பானது. மந்திரக் கோலோ காலப் பயணக் கதவோ எதுவும் இல்லை. ஒரு புல்கட்டியை மண்ணோடு வெட்டி அவர்கள் கையில் கொடுக்கிறான். பழைய ஆங்கிலச் சட்டத்தில் நிலம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு உரிமையாகும்போது இப்படித்தான், அந்த நிலத்தின் மண்ணையே சாட்சிகளின் முன்னிலையில் கையில் தருவார்கள். அந்தச் சடங்கின் வழியே, அந்த மண்ணில் மூவாயிரம் ஆண்டுகளில் நடந்த எதையும் காணவும் கேட்கவும் டானுக்கும் யூனாவுக்கும் உரிமை கிடைக்கிறது. எனவே இந்த நூலில் மாயம் என்பது வேற்றுலகத்துக்கான வழி ஆகாமல், காலடியில் இருக்கும் நிலத்தின் நினைவாக இருக்கிறது. நாட்டுப்புற நம்பிக்கைகளின் இயல்பும் அதுவே. ஒவ்வொரு தேவதைக் கதையும் ஒரு குறிப்பிட்ட ஓடைக்கு, ஒரு குறிப்பிட்ட மேட்டுக்கு, ஒரு குறிப்பிட்ட பாதைக்கு உரியது. ஊர் பெயரை நீக்கினால் உயிர் போய்விடும். ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் பக் ஓக், ஆஷ், தார்ன் ஆகிய மூன்று மரங்களின் இலைகளைக் கொடுத்து, கேட்டதையெல்லாம் குழந்தைகள் மறக்கும்படி செய்கிறான். இதனால் டானும் யூனாவும் மறந்தவற்றையெல்லாம் நினைவில் சுமப்பவர் படிப்பவர் ஒருவரே என்ற நிலை உருவாகிறது. இதைக் குழந்தைகள் மிகவும் விரும்புகிறார்கள் என்பதைப் படித்துக் காட்டியபோது நானே கண்டிருக்கிறேன்.

தேவதைகள் என்போர் யார் என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பல விடைகளை முன்வைத்தார்கள். 1878-இல் லண்டனில் நாட்டுப்புறவியல் சங்கம் தொடங்கப்பட்ட காலத்தில் இது சூடான விவாதமாகவே இருந்தது. வழிபடப்பட்ட பழைய தெய்வங்கள் மதிப்பிழந்து தேய்ந்து தேவதைகளானார்கள் என்பது ஒரு விடை. பின்வந்தவர்களால் ஓரங்கட்டப்பட்ட, உருவத்தில் சிறிய ஒரு தொல்குடியின் நினைவே தேவதைக் கதைகள் என்பது இன்னொன்று. 1890-இல் டேவிட் மெக்ரிச்சி இதற்காகவே ஒரு நூல் எழுதி, வட பிரித்தானியாவின் தொல்குடியான பிக்ட் இனத்தாரை அதற்குச் சான்றாகக் காட்டினார். கிப்ளிங் இந்த விவாதத்தை அறிந்தே எழுதியிருக்கிறார் என்பதற்கு நூலின் உள்ளேயே தடயங்கள் இருக்கின்றன. ரோமானியச் சுவரைப் பற்றிய கதைகளோடு வரும் ஒரு பாடலில், பிக்ட் மக்கள் தங்களைச் சிறிய மக்கள் என்றே கூறிக்கொண்டு, மரத்தின் வேரை அரிக்கும் புழுவைப்போல ரோமப் பேரரசைக் கண்ணுக்குத் தெரியாமல் வீழ்த்துவோம் என்று பாடுகிறார்கள். தேய்ந்த தெய்வம் என்ற கருத்தோ முதல் கதைக்கே அடித்தளம்.

வேலண்ட் என்னும் கொல்லனைப் பற்றிய கதை அது. பலிகளும் பீடங்களும் கோரிக் கப்பலில் வந்து இறங்கிய வடநாட்டுத் தெய்வம் ஒன்று, காலம் மாற மாற வழிபடுவோரை இழந்து, கடைசியில் சாலையோரத்தில் கூலிக்குக் குதிரை லாடம் அடிக்கும் நிலைக்கு வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், அஃபிங்டன் வெள்ளைக் குதிரைக்கு அருகே, ‘வேலண்டின் பட்டறை’ என்று அழைக்கப்படும் புதிய கற்காலக் கல்லறை மேடு இன்றும் இருக்கிறது. குதிரையையும் ஒரு நாணயத்தையும் அங்கே விட்டு அகன்றால், திரும்பி வரும்போது லாடம் அடிக்கப்பட்டிருக்கும் என்பது அந்தப் பகுதியின் நம்பிக்கை. 18ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவான இந்த வழக்கை எடுத்து, சசெக்ஸின் ஓர் ஓடைக்கரையில் வைத்து, அதன் மேல் ஒரேயொரு நிபந்தனையைச் சேர்க்கிறார் கிப்ளிங். ஒரு மனிதன் மனமார நன்றி சொன்னால்தான் வேலண்டுக்கு விடுதலை. லாடம் அடித்துக்கொண்டு போகும் பண்ணைக்காரன் நன்றி சொல்ல மறுக்கிறான். அங்கே வந்த ஹ்யூ என்னும் இளம் துறவுப் பயிற்சியாளன், அவனைப் பிடித்து உலுக்கியாவது அந்தச் சொல்லை வரவழைக்கிறான், தானும் நன்றி கூறுகிறான். பதிலுக்கு வேலண்ட் அவனுக்கென்று ஒரு வாளை அடித்துத் தந்துவிட்டு மறைகிறான். ஒரு தெய்வத்துக்கு மனிதனிடமிருந்து தேவைப்படுவது பலியோ காணிக்கையோ எதுவும் இல்லை, ஒரு சொல் மட்டுமே என்ற எண்ணத்தைக் குழந்தைக்குப் புரியும் அளவில் வைத்திருப்பது எளிய காரியமில்லை. கிறிஸ்தவ மடத்தில் வளரும் இளைஞன் பழைய தெய்வம் ஒன்றுக்கு நன்றி சொல்வதில் இருக்கும் பெருந்தன்மையும் கதையில் உரத்துச் சொல்லப்படுவதில்லை.

நூலின் உச்சம் ஒன்பதாவது கதை. தேவதைகள் இங்கிலாந்தை விட்டு வெளியேறியது ஏன், எப்படி என்பதைக் கூறும் கதை அது. தேவதைகள் போய்விட்டார்கள் என்ற பேச்சு ஆங்கில இலக்கியத்தில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சாசர், ஆர்தர் மன்னர் காலத்தில் நாடெங்கும் இருந்த தேவதைகளை, ஒவ்வொரு கூடத்தையும் அடுக்களையையும் பால் மனையையும் ஆசீர்வதித்துத் திரியும் பிச்சைத் துறவிகள் விரட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் பாத்திரத்தின் வாயிலாகக் கிண்டலாகச் சொன்னார். 17ஆம் நூற்றாண்டில் ஆயர் ரிச்சர்ட் கார்பெட், இதற்கு நேர்மாறாக, தேவதைகள் பழைய கத்தோலிக்க மதத்தைச் சேர்ந்தவர்கள், மதச் சீர்திருத்தத்தோடு அவர்கள் காலம் முடிந்தது, வீட்டைச் சுத்தமாக வைத்த பெண்ணின் காலணியில் அவர்கள் விட்டுச்செல்லும் ஆறு பென்னி நாணயமும் இனிமேல் கிடைக்காது என்று ஏக்கத்தோடு பாடினார். கிப்ளிங் கார்பெட்டின் பாதையில் செல்கிறார், ஆனால் பாடலாசிரியர் பொதுவாகச் சொன்னதை அவர் ஓர் இரவு, ஒரு கடற்கரை, ஒரு தாய் என்று குறுக்கிக்கொள்கிறார்.

எட்டாம் ஹென்றியின் ஆட்சி. தேவாலயங்களில் உருவங்கள் உடைக்கப்படுகின்றன. அண்டை வீட்டாரே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் காலம். மனிதர்களிடையே எழுந்த அந்தப் பகைமையைத் தாங்க முடியாத தேவதைகள் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் கிளம்பி, ஃபிரான்ஸுக்கு மிக அருகில் இருக்கும் ரோம்னி சதுப்புநிலத்தில் வந்து குவிகிறார்கள். கென்ட் கரையில் உள்ள அந்தச் சதுப்புநிலத்துக்கும் கடலுக்கும் இடையே நிற்பது டிம்சர்ச் கிராமத்தின் கடற்சுவர் மட்டுமே. என்ன நடக்கிறது என்று அங்குள்ள மக்களுக்குத் தெரியவில்லை. ஆனால் காரணம் புரியாத ஒரு பாரம் எல்லோரையும் அழுத்துகிறது, இருளில் விளக்குகள் மினுங்கி மறைகின்றன. மற்றவர்கள் காணாததைக் காணும் ஆற்றல் கொண்ட விட்கிஃப்ட் என்னும் விதவைத் தாய் ஒருத்திக்கு மட்டும் அவர்களின் அழுகுரல் கேட்கிறது. கடலைக் கடக்க அவர்களுக்கு ஒரு படகும் அதைச் செலுத்த ஆளும் வேண்டும். அவளுக்கு இரண்டு மகன்கள். ஒருவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை, இன்னொருவனுக்குப் பேச்சு இல்லை. அவர்களை அனுப்பும்படி தேவதைகள் கெஞ்சுகிறார்கள். அவள் மனமுவந்து விடை கொடுத்தாலொழிய அவர்களால் போக முடியாது. கட்டாயப்படுத்தவோ மயக்கி அழைத்துச் செல்லவோ அவர்களுக்கு வலுவில்லை, உரிமையும் இல்லை.

குழந்தைகளுக்கான மாயக் கதைகளில் இதைவிடக் கனமான ஒரு கணத்தை நான் படித்ததில்லை. மாயசக்தி கொண்டவர்கள், ஓர் ஏழைத் தாயின் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்கிறார்கள். அவள் நெடுநேரம் தன்னோடு போராடி, கடைசியில் தன் பிள்ளைகளை மனமாரவே அனுப்புகிறாள். அவர்கள் திரும்பி வரும்போது பார்வையும் பேச்சும் கிடைத்திருக்கும் என்று எந்தக் குழந்தையும் எதிர்பார்க்கும். கேட்டுக்கொண்டிருக்கும் டானும் யூனாவும்கூட அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. அது இயற்கைக்கு மாறானது என்பதே விடை. அனுப்பியபடியே அவர்களைத் திரும்பப் பெறுகிறாள். தேவதைகள் அளிக்கும் கைம்மாறு வேறொன்று. அவள் வழித்தோன்றல்களில் எப்போதும் ஒருவர் பிறர் காணாததைக் காண்பவராக இருப்பார். அந்த வரம் வெறும் இன்பம் தருவதாக இல்லை. கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேலிக்கார முதியவர் ஹோப்டனின் மகன், ஊராரால் புத்தி சற்றுக் குறைந்தவன் என்று எண்ணப்படுபவன், தேனீக்களோடு அச்சமின்றிப் பழகுபவன், அந்த வரத்தின் இன்றைய வாரிசாக அதே அறையில் அமர்ந்திருக்கிறான். பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்தும் சூளைக் கட்டடத்தில், இரவு நேரத்தில், பக் ஒரு பழைய நண்பனின் வேடத்தில் வந்து இந்தக் கதையைச் சொல்வதாக அமைத்திருப்பதால், கதைக்கும் கேட்பவர்களின் வாழ்வுக்கும் இடையே இருந்த இடைவெளி மெல்ல மறைந்துபோவதை நாம் உணர்கிறோம். எல்லோரும் போன பிறகும் பக் மட்டும் ஏன் தங்கினான் என்பதற்கு நூலின் தொடக்கத்திலேயே காரணம் இருக்கிறது. ஓக், ஆஷ், தார்ன் மரங்களோடு வந்தவன் அவன். அவை போகும்போதுதான் அவனும் போவான்.

இந்த இரு கதைகளுக்கும் இடையே இருப்பவற்றில் பக் பெரும்பாலும் வாசல் காப்போனாக மட்டுமே நிற்கிறான். யாரையாவது அழைத்து வந்து குழந்தைகளின் முன் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறான். 1066-இன் படையெடுப்புக்குப் பின் சசெக்ஸில் நிலம் பெறும் நார்மன் வீரர் ரிச்சர்டும், வேலண்டின் வாளைப் பெற்ற சாக்ஸன் ஹ்யூவும் பகையைக் கடந்து நண்பர்களாவது நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் டேனியக் கப்பலில் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்று தங்கத்தோடு திரும்பும் கதை வேகமானது. பெவென்சி கோட்டையில் நடக்கும் சூழ்ச்சிக் கதையோ, முதலாம் ஹென்றியின் அரசியலை அறியாதவர்களுக்குப் புரியாமலே போய்விடும். அதைத் தயங்காமல் தாண்டிச் செல்லலாம். ரோமானியக் கதைகள் மூன்றும் தனிச் சிறப்புடையவை. ஹேட்ரியன் மன்னர் 122-இல் கட்டத் தொடங்கிய, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளமுள்ள சுவரின் மேல், 383-இல் பேரரசைக் கைப்பற்றப் புறப்பட்ட மாக்சிமஸ் தன் படைகளை எடுத்துச் சென்றுவிட, பர்னீசியஸ், பெர்ட்டினாக்ஸ் என்னும் இரு இளைஞர்கள் கைவிடப்பட்ட எல்லையைக் காத்து நிற்பதைச் சொல்கின்றன. பதினொரு வயதுக்கு மேற்பட்ட, போர்க் கதைகளில் ஈடுபாடுள்ள குழந்தைகளுக்கு நூலில் மிகவும் பிடிப்பது இவைதான்.

பெற்றோர் தெரிந்திருக்க வேண்டிய சில உண்டு. கிப்ளிங் பேரரசை நம்பியவர். அவருடைய ரோமானிய அதிகாரிகள் பேசும் விதத்தில், 19ஆம் நூற்றாண்டில் எல்லைப்புறங்களில் பணியாற்றிய பிரித்தானிய அதிகாரிகளின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆள்பவரின் கடமையும் களைப்பும் விரிவாகச் சொல்லப்படும் அளவுக்கு ஆளப்படுபவரின் தரப்பு சொல்லப்படுவதில்லை. பிக்ட் இனத்தவர் மீது அவர் காட்டும் பரிவு இதை ஓரளவு ஈடுசெய்கிறதே தவிர முழுமையாக நீக்கவில்லை. கடைசிக் கதையில் காட்மியல் என்னும் யூத மருத்துவர், ஜான் மன்னர் கடன் பெறுவதற்கு உதவக்கூடிய தங்கத்தை யார் கைக்கும் எட்டாமல் செய்து, மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-இன் மாக்னா கார்ட்டா சாசனத்துக்கு வழிவகுக்கிறார். காட்மியல் கண்ணியமும் அறிவும் மிக்கவராகவே படைக்கப்பட்டிருக்கிறார். ஆனால் மன்னர்களின் போரையும் அமைதியையும் யூதர்கள் மறைவில் பணத்தால் தீர்மானித்தார்கள் என்ற எண்ணத்தின் மீதே கதை நிற்கிறது. அது தீங்கு விளைவித்த ஒரு பழைய பொய். அந்தக் கதையைக் குழந்தையிடம் தனியாகக் கொடுத்துவிடாமல், அருகில் அமர்ந்து படித்து, இதைப் பற்றிப் பேசுவது அவசியம். வாள் தங்கத்தைத் தந்தது, தங்கம் சட்டத்தைத் தந்தது என்று பத்துக் கதைகளையும் ஒரே சங்கிலியாகக் கோக்கும் கதையும் அதுவே என்பதால், விட்டுவிடும்படி சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

மொழியைப் பொறுத்தவரை இது எளிய நூல் அன்று. ஹோப்டனும் பக்கும் சசெக்ஸ் வட்டார வழக்கில் பேசுகிறார்கள்; உழவு, வேலி கட்டுதல், கப்பல், கவசம் சார்ந்த பழஞ்சொற்கள் அடிக்கடி வருகின்றன. பள்ளியில் ஆங்கிலம் கற்கும் குழந்தை தானாகப் படிக்கப் பதின்மூன்று வயதாவது ஆக வேண்டும். ஆனால் இது உரக்கப் படிப்பதற்காகவே எழுதப்பட்டது போன்ற நூல். பேச்சுவழக்குப் பகுதிகள் கண்ணுக்குக் கடினமாகவும் காதுக்கு எளிதாகவும் இருக்கின்றன. பெரியவர் ஒருவர் படித்துக் காட்டினால் ஒன்பது வயதுக் குழந்தையும் டிம்சர்ச் கதையில் அசையாமல் அமர்ந்திருக்கும். பாடல்களைத் தாண்டிச் செல்ல வேண்டாம். கடத்தல்காரர்கள் இரவில் வீதி வழியே போகும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும்படி ஒரு சிறுமியை அறிவுறுத்தும் பாடலும், மூன்று மரங்களைப் போற்றும் பாடலும் இரண்டு முறை கேட்டாலே மனப்பாடமாகிவிடும்.

பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் சிறிது கவனம் வேண்டும். கிப்ளிங் 1936-இல் மறைந்தவர் என்பதால் நூல் பொதுவுடைமையாகிவிட்டது; குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதனாலேயே, அவசரமாக அச்சிடப்பட்ட மலிவுப் பதிப்புகளும் ஏராளம். அவற்றில் பாடல்களின் வரியமைப்பு சிதைந்திருப்பதும், படங்கள் நீக்கப்பட்டிருப்பதும், வட்டார வழக்கைக் காட்டும் குறிகள் தவறாக அச்சாகியிருப்பதும் சாதாரணம். 1906-இன் லண்டன் பதிப்புக்கு எச். ஆர். மில்லர் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ள பதிப்பையே நான் பரிந்துரைப்பேன். அவருடைய பக் முரட்டுத்தனமும் அன்பும் கலந்தவன், ஆசிரியர் வருணித்தவனுக்கு மிக நெருக்கமானவன். அதே ஆண்டின் அமெரிக்கப் பதிப்புக்கு ஆர்தர் ராக்கம் வரைந்த வண்ணப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு, அழகில் உயர்ந்தவை. தேடிப் பிடிக்க முடிந்தால் மகிழ்ச்சி. சொற்குறிப்புகளும் ஒரு வரைபடமும் இணைந்த பதிப்பு கிடைத்தால் அதற்குச் சற்று அதிகம் செலவிடுவது தகும், ஏனெனில் இந்தக் கதைகளில் எந்த ஊர் கடலுக்கு எவ்வளவு அருகில் என்பது தெரியாமல் போனால் பாதிச் சுவை குறைந்துவிடும். கிப்ளிங் 1902 முதல் வாழ்ந்த பேட்மன்ஸ் என்னும் 17ஆம் நூற்றாண்டு வீடு சசெக்ஸின் பர்வாஷ் கிராமத்துக்கு அருகில் இன்றும் பார்வைக்குத் திறந்திருக்கிறது. டானுக்கும் யூனாவுக்கும் முன்மாதிரிகளான அவருடைய பிள்ளைகள் ஜானும் எல்சியும் விளையாடிய புல்வெளிகளே நூலின் நிலக்காட்சி. ஜான் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் இறந்தான் என்பதை அறிந்த பிறகு, கைவிடப்பட்ட சுவரைக் காக்கும் அந்த இரு இளைஞர்களின் கதையை என்னால் முன்புபோல் படிக்க முடிவதில்லை.

படிக்கும் வரிசைக்கு என் யோசனை இது. முதலில் வேலண்ட் கதை, உடனே ஒன்பதாவதான டிம்சர்ச் கதை. அவை இரண்டும் குழந்தையைப் பிடித்துக்கொண்டால் ரிச்சர்டு, ஹ்யூ கதைகளுக்குத் திரும்பி, பிறகு ரோமானியச் சுவருக்குச் செல்லலாம். கடைசிக் கதையைப் பெரியவரின் துணையோடு கடைசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மேலும் வேண்டும் என்று குழந்தை கேட்டால், 1910-இல் வந்த ‘ரிவார்ட்ஸ் அண்ட் ஃபேரீஸ்’ என்னும் அடுத்த தொகுதி இருக்கிறது. கார்பெட்டின் பாடலின் முதல் வரியிலிருந்தே அதன் தலைப்பு எடுக்கப்பட்டது. அந்தத் தொகுதி சீரற்றது, வரலாற்றுச் சுமை இதைவிடக் கூடியது. ஆனால் அதன் தொடக்கத்தில் உள்ள இரும்பைப் பற்றிய கதையில், சர் ஹுவான் எடுத்து வளர்த்த மனிதக் குழந்தை ஒன்று, முதன்முதலில் தொடும் இரும்பு எதுவோ அதுவே தன் வாழ்வைத் தீர்மானிக்கும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, அடிமை வளையம் ஒன்றைக் கையில் எடுக்கிறது. முதல் நூலில் உப்பையும் இரும்பையும் பற்றிப் பக் போகிறபோக்கில் சொன்ன விதிகளில் ஒன்று, அங்கே ஒரு சிறுவனின் முழு வாழ்வாக விரிகிறது.